கழுவாமல் மூடி முத்திரை வைக்கப்பட்ட கடற்பாசிக் கலன்

அனுப்புநர்:
வாடகைப் பாத்திரக் கடை உரிமையாளர்,
(தெருவில் ‘அண்டா’ வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். கடையைப் பார்த்து வைத்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன்; உருவத்தைப் பார்த்து வைத்தது என்று வீட்டில் சொல்வார்கள்.)
பேருந்து நிறுத்தத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம், முதல் மாடி.

பொருள்: கடற்பாசியிலிருந்து எரியெண்ணெயும் கரியும் எடுக்கும் கலன் – உள்ளே சரக்கு இருக்கும்போதே மூடி முத்திரை வைக்கப்பட்டது – கலன் உள்ளிருந்து அரிக்கப்பட்டு வருவது – ஒரு நாள் திறந்து கழுவிக்கொள்ள அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் உதவி ஆய்வாளர் பிறப்பித்த உலர்த்தல் உத்தரவு. 2. எங்கள் தெருவினர் கொடுத்த புகார் (முதல் கையெழுத்து என் மனைவியுடையது). 3. தங்கள் அலுவலகத்தின் மூடல் உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். ஐம்பது பேர் சாப்பாடு ஆனாலும் ஐந்நூறு பேர் சாப்பாடு ஆனாலும் இந்தப் பகுதியில் அண்டா, தவலை, தாம்பாளம், கரண்டி எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். திரும்பி வரும்போது கரண்டிகள் மட்டும் கொஞ்சம் குறைந்து வரும். அதற்காகக்கூட நான் இதுவரை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. இதுவே முதல் மனு என்பதால் அலுவலக நடையில் பிசகு இருந்தால் பொறுத்தருள வேண்டும். “மனுவுல கதை அளக்காதீங்க, விஷயத்தை மட்டும் எழுதுங்க” என்று என் மனைவி எச்சரித்திருக்கிறாள். முயன்று பார்க்கிறேன்.

2. எங்கள் கடையின் பின்னால் ஒரு கிடங்கு இருக்கிறது. ஓட்டை விழுந்த அண்டாக்களை அதில் போட்டு வைத்திருந்தேன். அதை என் மனைவியின் தங்கைக்கு விட்டுக்கொடுத்தேன். ‘விட்டுக்கொடுத்தேன்’ என்பது என் சொல். வீட்டில் அந்த நிகழ்ச்சிக்கு வேறு சொல் வழங்குகிறது. தங்கை வேதியியல் படித்தவள். ஒரு எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, கையில் ஒரு பெட்டியும் ஒரு வாளி ஈரப்பாசியுமாக எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். பெட்டியை வீட்டுக்குள்ளும் வாளியைக் கிடங்குக்குள்ளும் வைத்தாள். அதற்குப் பிறகு பெட்டியை அவள் சரியாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாளி பெருகித் தொட்டியாகி, தொட்டி பெருகிக் கலன் ஆயிற்று. வீட்டில் அவளைச் ‘சின்னவள்’ என்போம். இந்த மனுவிலும் அப்படியே குறிப்பிட அனுமதிக்க வேண்டுகிறேன்.

3. சின்னவள் செய்யும் தொழில் தங்கள் கோப்பில் ‘கரி மூட்டம்’ என்று பதிவாகியிருக்கிறது. அது விறகை எரித்துக் கரியாக்கும் தொழில். இது அதுவல்ல என்பதால் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரையில் ஒதுங்கும் பாசியை வண்டிக்காரர் காலையில் கொண்டு வந்து கொட்டுவார். மணலும் மேலுப்பும் போக அலசி, அரைத்துக் கூழாக்கிக் கலனுக்குள் விடுவாள். மூடியைச் சுற்றிலும் உள்ள திருகாணிகளை முறுக்கி, மின்சாரத்தால் சூடேற்றுவாள். சாதாரணமாகத் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும் சூட்டைப் போல் மூன்று மடங்கு சூடு. ஆனால் ஓட வழி இல்லாததால் தண்ணீர் தண்ணீராகவே உள்ளே நின்று பாசியைக் குடைந்து எடுக்கும். பூமிக்கு அடியில் யுகக் கணக்கில் நடந்த சமாசாரத்தைக் காலைக் காப்பிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துவிடலாம் என்பாள். ஆறிய பிறகு திறந்தால் மேலே தாரைப் போன்ற எண்ணெய் மிதக்கும். அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கும்.

4. அந்த எண்ணெயைச் சுத்தம் செய்து, டீசலில் கொஞ்சம் கலந்து எங்கள் கடை ஜெனரேட்டரை ஓட்டினோம். முதலில் இருமியது, பிறகு ஓடியது. என்னை மாடிப்படி ஏறச் சொன்னாலும் அப்படித்தான் ஏறுவேன் என்பதால் அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றை உலர்த்திக் காற்றுப் புகாத குழாயில் மறுபடி சுட்டால் கரித்தூள் கிடைக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தண்ணீரிலுள்ள அழுக்கையும் காற்றிலுள்ள நாற்றத்தையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரத்தைச் சேமிக்கும் தகடுகளுக்கும் அது உதவுமாம். “அத்தான், இதுல ஒரு கரண்டிக்குள்ள இருக்கற பரப்பையெல்லாம் பிரிச்சு விரிச்சா ஒரு விளையாட்டு மைதானம் வரும்” என்று ஒரு நாள் சொன்னாள். “நம்ம கடையில காணாமப் போற கரண்டிக் கணக்கைப் பார்த்தா ஊரே போயிருக்கும்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை.

5. எதிர்வரிசைத் தையற்காரர் மிச்சமான உள்துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்துக் கொடுத்தார். அவற்றில் இந்தக் கரியை நிரப்பித் தெருவில் பலர் செருப்பு அலமாரியிலும் கழிவறையிலும் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்தப் பை விஷயம் பிறகு வரும். தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

6. தங்கள் உதவி ஆய்வாளர் முதல் முறை வந்தபோது அவருக்கு நாற்காலியும் மின்விசிறியும் தேநீரும் கொடுத்தோம். அவர் கையில் கரி மூட்டத்துக்கான ஆய்வுத்தாள் இருந்தது. “புகைபோக்கி எங்கம்மா?” என்றார். “இல்லீங்க சார். இதுல புகையே வராது” என்றாள் சின்னவள். “புகை இல்லாம என்னம்மா எரிபொருள்?” என்று கேட்டுவிட்டுக் கிடங்கைச் சுற்றி வந்தார், கூரையைப் பார்த்தார், என் ஓட்டை அண்டா ஒன்றை நிமிர்த்தி அதற்குள்ளும் பார்த்தார். கடைசியில் தாளில் ‘புகைபோக்கி: மறைவாக உள்ளது’ என்று எழுதினார். அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் நடுவில் புகுந்து, “சார், இது ஒண்ணும் இல்ல, பெரிய குக்கர் மாதிரி” என்றேன். ‘சமையலும் நடைபெறுகிறது’ என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு ஆய்வு முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்று மனைவி என்னைக் கடைக்குள் அனுப்பிவிட்டாள். மீதியைக் கடையின் பின்சன்னல் வழியாகக் கேட்டேன்.

7. மூலப்பொருள் ஈரமாக இருப்பது விதிக்கு மாறானது, வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். ஈர விறகு புகைந்து தள்ளும் என்பதால் கரி மூட்டத்துக்கு அது நல்ல விதிதான், நாங்கள் மறுக்கவில்லை. “சார், எனக்கு ஈரம்தான் வேணும். தண்ணியிலதான் இது வேகுது. பாசியைக் காய வைக்கிற செலவு இல்லாமப் போகணும்னுதானே இந்த முறையே” என்று சின்னவள் எடுத்துச் சொன்னாள். “அதெல்லாம் பெரிய சார்கிட்ட பேசிக்கங்கம்மா. என் தாள்ல காயணும்னு இருக்கு. காயணும்” என்றார். நல்ல மனிதர், கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நாங்களும் கொஞ்சம் சண்டை போட்டிருப்போம்.

8. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தோம். மொட்டைமாடியில் விரித்தோம். இடம் போதாமல் என் அண்டாக்களைக் கவிழ்த்து அவற்றின் முதுகில் விரித்தோம். சுற்றுச்சுவரில் போட்டோம். துணி காயப்போடும் கொடியில், என் மனைவியின் புடவைகளுக்கு அக்கம்பக்கமாகத் தொங்கவிட்டோம். முதல் நாள் கடற்கரைக்கு வந்த மாதிரி இருந்தது. என் மனைவிகூட “பரவால்லையே, காத்து நல்லா இருக்கு” என்றாள். மறுநாள் மீன் சந்தைக்குள் வந்த மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் எந்த மாதிரி இருந்தது என்பது மனுவில் எழுதத் தக்கதல்ல. ஈக்கள் எங்கிருந்தெல்லாமோ குடும்பத்தோடு வந்தன. என் கடையில் பாத்திரம் கேட்டு வந்தவர்கள் அண்டாவை மோந்து பார்த்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை.

9. பாசி முறைப்படி காய்ந்தது. உதவி ஆய்வாளர் வந்து, ஒரு கைப்பிடி எடுத்து நொறுக்கிப் பார்த்துவிட்டு ‘திருப்தி’ என்று எழுதிச் சென்றார். அவர் வண்டி தெருமுனையில் திரும்பியதும் சின்னவள் அந்தக் காய்ந்த பாசியை ஒரு மூட்டை உள்ளே எடுத்துப்போய்த் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டாள். வேறு வழி இல்லை. கலனுக்கு ஈரம் வேண்டும். தாளுக்குக் காய்ச்சல் வேண்டும். இரண்டு பேரையும் திருப்திப்படுத்தவே அவ்வாறு செய்யப்பட்டது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

10. இந்த நிலையில்தான் தெருவினர் புகார் கொடுத்தார்கள். எழுதியவர் தையற்காரர், அவருக்குக் கையெழுத்து அழகு. முதல் கையெழுத்து என் மனைவி. “கூடப் பொறந்தவளாச்சேன்னு பார்த்துக்கிட்டே இருந்தா என் புடவை என்னைக்குத் துவைக்கிறது?” என்று சொல்லிவிட்டுப் போட்டாள். நான் எந்தப் பக்கம் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேனா மூடி கீழே விழுந்துவிடாமல் நான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகாரின் நகல் தங்களிடம் இருக்கும். அதில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் உண்டு: தெருவில் பாசி காய வைப்பதை நிறுத்த வேண்டும். கலனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காய வைத்தது தங்கள் அலுவலக உத்தரவின்பேரில் என்பதை அதில் குறிப்பிடாதது மரியாதை கருதியே.

11. புகாரின்மேல் தங்கள் அலுவலகம் விரைந்து நடவடிக்கை எடுத்ததற்கு நன்றி. உதவி ஆய்வாளர் மூடல் உத்தரவோடும், அரக்கு, நாடா, மெழுகுவத்தி ஆகியவற்றோடும் வந்தார். அன்று காலையில்தான் சின்னவள் ஒரு ஈடு வேக வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, உள்ளிருந்த வாயுவை வடித்துவிட்டு, மூடியைக் கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறட்டும் என்று காத்திருந்தாள். “சார், சாயங்காலம் ஆறிடும். திறந்து வழிச்சுக் கழுவி வெச்சுடறேன். நாளைக்கு வந்து வெறும் கலனுக்குச் சீல் வைங்க. நானே மெழுகுவத்தி பிடிக்கிறேன்” என்றாள். “இன்னைக்குத் தேதி போட்டாச்சும்மா. தேதியை மாத்தினா எனக்குக் கேள்வி வரும்” என்றார். மூடியின் திருகாணிகளுக்குக் குறுக்கே நாடா கட்டினார். அடியில் வடிகுழாய்த் திறப்பையும் விடவில்லை. “உள்ள உப்புத் தண்ணி சார், இரும்பைத் தின்னுடும்” என்று அவள் மறுபடி சொன்னாள். “இரும்பை யாரும்மா தின்னப்போறா” என்று சிரித்துக்கொண்டே அரக்கு சொட்டினார். உத்தரவில் ‘ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை’ என்று இருக்கிறது. அன்று அவள் குரல் எப்போதையும்விடச் சின்னதாக இருந்தது உண்மை. கேட்காமல் போயிருக்கலாம்.

12. மூடல் உத்தரவின் கடைசி வரி, ‘வளாகத்திலுள்ள எப்பொருளையும் மறு உத்தரவு வரும்வரை அகற்றக் கூடாது’ என்கிறது. ஆகவே மொட்டைமாடியில் மீதமிருந்த பாசி அங்கேயே இருக்கிறது. நடுவில் இரண்டு மழை பெய்தது. அதாவது, நாங்கள் எதை நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுத்தோமோ அது சட்டப் பாதுகாப்போடு நடந்துகொண்டிருக்கிறது. எதைப் பற்றி யாருமே புகார் சொல்லவில்லையோ அது நின்றுவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல. மாடிக்கு ஒரு முறை வந்து நின்று பார்க்கத் தங்களை அன்போடு அழைக்கிறேன். மூக்குக்குக் கைக்குட்டை நாங்கள் தருகிறோம்.

13. இப்போது கலனின் நிலையைச் சொல்ல வேண்டும். இந்த மனுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அறிவியல் எனக்குத் தெரியாது, பாத்திரம் தெரியும். வேலை முடிந்ததும் கழுவாமல் மூடி வைத்த பாத்திரம் திரும்பி வரும்போது நான் மூடியைத் திறக்காமலேயே சொல்லிவிடுவேன். அண்டாவுக்கே அப்படி என்றால், கடல் உப்பும் வெந்த பாசியும் நிறைந்து நிற்கும் ஒரு எஃகுக் கலனுக்கு எப்படி இருக்கும்? வெடித்துவிடும் என்று சொல்லித் தங்களைப் பயமுறுத்த மாட்டேன், வெடிக்காது. சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசித் துடைத்துக் காய வைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும் கலன் அது. அலசாமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். சின்னவள் பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாத கேள்வி என்றால் “தெரியாது” என்பாள். பதில் சொல்லவில்லை என்றால் தெரியும் என்று அர்த்தம்.

14. அந்தக் கலனைப் பற்றவைத்துக் கொடுத்தவர் கப்பல் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எந்தப் பட்டறையும் எடுக்கத் தயங்கிய வேலையை, கிடங்கிலேயே பாய் போட்டுப் படுத்து முடித்துக் கொடுத்தார். கிளம்பும் நாளில் கலனின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, “இவளைக் கழுவிக் கழுவி வெச்சுக்கம்மா, உனக்கு முன்னாடி போக மாட்டா” என்றார். அவர் இப்போது உயிரோடு இல்லை. சின்னவளின் சேமிப்பும் வயசும் போனது இருக்கட்டும். கலன் போனால் திரும்பச் செய்து தர ஆள் இல்லை என்பதுதான் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். வாய்விட்டுப் பேசாத விஷயம் எங்கள் வீட்டில் வேறு எதுவுமே கிடையாது என்பதால் அதன் பாரம் தங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

15. சென்ற வாரம் கலனின் அடிப்பக்கத்தில், பற்றவைத்த கோட்டுக்குப் பக்கத்தில், துரு நிறத்தில் ஒரு சொட்டு வந்தது. துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறது. சின்னவள் அதற்கு ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிடுகிறாள், திரும்பப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. முத்திரையின் மேல் விரல்கூடப் படவில்லை. நானாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக நாடாவை அவிழ்த்துக் கழுவிவிட்டு, அரக்கை ஊதி ஊதி ஒட்டியிருப்பேன் என்று அவளிடமே சொன்னேன். “அப்புறம் என் எண்ணெயை யார் அத்தான் நம்புவாங்க?” என்றாள்.

16. முத்திரை வைத்த நாளிலிருந்து அக்காவும் தங்கையும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. புகாரில் முதல் கையெழுத்து யாருடையது என்பது உதவி ஆய்வாளர் வாயாலேயே தெரிந்துவிட்டது. பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. “ஏங்க, அவளுக்குச் சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுங்க” என்று இந்தப் பக்கம். “அத்தான், பசிக்கலைன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க” என்று அந்தப் பக்கம். நடுவில் நின்று இரண்டையும் கொஞ்சம் இனிப்பாக்கி மாற்றிச் சொன்னதில், ஒரு நாள் இரண்டு பேருமே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். இப்படியிருக்கும்போது சொட்டு விழுகிற செய்தி என் மனைவி காதுக்குப் போயிற்று. அவள் நேராகக் கிடங்குக்குப் போனாள். நானும் பாதுகாப்புக்காகப் பின்னால் போனேன். யாருடைய பாதுகாப்பு என்று கேட்க வேண்டாம். அவள் கலனைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். கடைக்குத் திரும்பி வந்து, வாடகைக்குப் போக இருந்த ஒரு நல்ல தூக்குச் சட்டியை எடுத்துப்போய், “இந்தாடி, அந்த டம்ளர் சின்னதா இருக்கு” என்று வைத்தாள். “ம்” என்றாள் சின்னவள். அந்தத் தூக்குச் சட்டி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வாடகைக்குக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். எழுதுகோலை எடுத்து என் கையில் கொடுத்து இந்த மனுவை எழுதச் சொன்னதும் என் மனைவிதான்.

17. மனு எழுதுமுன் நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்று தையற்காரர் முன்வந்து தங்கள் அலுவலகத்துக்குப் போனார். புகாரை எழுதியவரே திரும்பப் பேசினால் எடுபடும் என்பது எங்கள் கணக்கு. தாங்கள் கூட்டத்தில் இருந்ததால் நெடுநேரம் காத்திருந்தார். காத்திருந்த இடத்தில் அவருக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் உள்ளதுதான். உள்ளே சன்னல் கொக்கியில் ஒரு பை தொங்கியது. நீலத் துணி, வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் இரட்டைத் தையல். தன் தையலைத் தையற்காரர் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். கல்யாணப் பந்தியில் அடுத்தவர் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்து அடி வாங்க இருந்தவர். அது சின்னவள் கரி நிரப்பிய பை. மூடல் நாளில் உதவி ஆய்வாளர் ‘சான்றுப் பொருள்’ என்று எழுதிக் கையோடு எடுத்துப்போனது.

18. வெளியே வந்த தையற்காரர், தங்கள் அலுவலக உதவியாளரிடம், “இந்தப் பை யார் மாட்டினது?” என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டிருக்கிறார். “ஆய்வுக்கு வந்த சாமான் சார், அலமாரியில வைக்க இடமில்லைன்னு நான்தான் மாட்டினேன். அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் மனுஷன் மூச்சு விட முடியுது. பெரிய சாரே கேட்டாரு, பினாயில் மாத்திட்டீங்களான்னு” என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். இதை வைத்து அந்த உதவியாளர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று தெருவினர் அனைவர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன். இந்த விவகாரம் முழுவதிலும் சரியான பொருளைச் சரியான இடத்தில் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

19. ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது அதிகமில்லை. தொழிலை உடனே நடத்த விடுங்கள் என்றுகூட இந்த மனுவில் கேட்கவில்லை. பாசியைக் காய வைக்கத் தேவையில்லை என்பதைச் சின்னவள் தனி மனுவில், படம் போட்டு, என்னைக் கிட்டே விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். இப்போதைக்கு, தங்கள் உதவி ஆய்வாளரை ஒரு காலை அனுப்பி வையுங்கள். அவர் கையாலேயே நாடாவை அவிழ்க்கட்டும். அவர் கண்முன்னேயே உள்ளிருப்பதை வழித்து, நல்ல தண்ணீரால் அலசி, துணியால் துடைத்து வைக்கிறோம். பிறகு அவர் விருப்பப்படி எத்தனை முத்திரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். அரக்கு எங்கள் பொறுப்பு. வந்த கையோடு மொட்டைமாடிப் பாசியை அகற்றவும் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், புகார் கொடுத்தவர்கள் என்ற முறையில் எங்கள் புகாரும் தீர்ந்துவிடும். அவருக்கு நாற்காலி, மின்விசிறி, தேநீர் முன்போலவே உண்டு. நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று மனைவி உறுதி கொடுத்திருக்கிறாள்.

20. தங்கள் கழிவறையில் தொங்கும் பையை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. அங்கேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் சின்னவள் சொல்லச் சொன்னாள். அந்தக் கரிக்கு எத்தனை பெரிய மைதானம் உள்ளே இருந்தாலும், ஒரு நாள் இடம் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு அது வெறும் துணிப்பை. அன்றைக்கு உதவியாளர் புதுப் பை கேட்டு எங்கள் தெருவுக்கு வருவார். தையற்காரர் துணி வைத்திருக்கிறார். பாசியைக் கடல் கொண்டுவந்து போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கொடுக்க எங்களுக்கும் ஆசைதான். கலன் இருக்க வேண்டும்.

சொட்டு ஒழுக்காக மாறுவதற்குள் தங்கள் பதில் வந்து சேரும் என்று நம்பும்,

(கையொப்பம்)
‘அண்டா’
வாடகைப் பாத்திரக் கடை

இடம்: கலனுக்குப் பக்கத்தில்
நாள்: மூடல் உத்தரவுக்குப் பின் மூன்றாம் வாரம், செவ்வாய்

மேற்கண்டவை உண்மை என்று உடன் கையொப்பமிடுவோர்:
கடைக்காரர் மனைவி (முந்தைய புகாரில் முதல் கையெழுத்து, இதிலும் முதல் கையெழுத்து)
தையற்காரர், எதிர்வரிசை
சின்னவள் (மனுவைப் படித்துப் பார்த்தேன். மூன்று இடங்களில் அடித்தேன். ஒன்றை அத்தான் திரும்ப எழுதிவிட்டார்.)

இணைப்பு: தூக்குச் சட்டியில் பிடித்த துருநீர், சிறு குப்பி ஒன்று. மூடியைத் தாராளமாகத் திறந்து பார்க்கலாம். நாங்கள் முத்திரை வைக்கவில்லை.